மடியில் இருக்கும் போன்

பாலவாக்கத்தில் ஈ.சி.ஆரை ஒட்டிய ஒரு தெருவில் ஆறடி அகலத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடை இருக்கிறது. போன மழையில் நனைந்த என் போனைக் கொடுத்துவிட்டு அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, கையில் இரண்டு போன். கொஞ்ச நேரம் டெம்பர்டு கிளாஸ் விலை விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, இது வீட்டுக்காரம்மா போன். இதுல வர்ற வாட்ஸ்அப் என் போன்லயும் வர்ற மாதிரி பண்ண முடியுமா?" என்றார்.

கடைக்காரர் நிமிரக்கூட இல்லை. "அவங்களையும் கூட்டிட்டு வாங்க சார், பண்ணித் தரேன்."

வந்தவர் டெம்பர்டு கிளாஸ்கூட வாங்காமல் போய்விட்டார். "மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க சார்" என்றார் கடைக்காரர். "ஆம்பளைங்க மட்டும்னு நினைக்காதீங்க. லேடீஸ் நேராக் கேக்க மாட்டாங்க. 'லாக் மறந்துடுச்சு'ன்னு வீட்டுக்காரர் போனைக் கொண்டு வருவாங்க."

அந்த மனிதர் கேட்ட காரியத்துக்கு ஹேக்கிங் வித்தை எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பிலேயே 'லிங்க்டு டிவைசஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு கணக்கை இன்னும் நான்கு கருவிகளில் ஓட்டலாம். க்யூஆர் கோடைக் காட்டினால் சில வினாடிகளில் வேலை முடிந்தது. 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவர் போனில் பூட்டப்பட்டு, பெறுபவர் போனில்தான் திறக்கின்றன. நடுவில் இருக்கும் நிறுவனத்தாலேயே அவற்றைப் படிக்க முடியாது. கணிதத்தால் உடைக்க முடியாத அந்தப் பூட்டை, தூங்குகிறவரின் கட்டைவிரலை எடுத்து போன்மேல் வைத்தால் திறந்துவிடலாம்.

திறப்பது சுலபம். திறந்தால் அவர் தேடுவது கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி. அவர் தேடுவது ஆதாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. 'ஒன்றுமில்லை' என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கவே அவர் வந்திருப்பார். ஆனால் அந்த நிம்மதி, பார்க்கப் பார்க்கத் தள்ளிப்போகிற பொருள். இதை உளவியலாளர்கள் சோதனைச்சாலையில் காட்டியிருக்கிறார்கள்.

கேஸ் அடுப்பிலிருந்து தொடங்குகிறேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, திருவான்மியூர் டெப்போ வந்ததும் "கேஸை ஆஃப் பண்ணினோமா?" என்று வயிற்றைப் பிசையும் அல்லவா? மார்செல் வான் டென் ஹௌட், மெரெல் கிண்ட் என்ற நெதர்லாந்து உளவியலாளர்கள் 2003இல் இதையே சோதனையாக வெளியிட்டார்கள். கணினித் திரையில் ஓர் அடுப்பு. ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் பற்றவைத்து, அணைத்து, சரிபார்த்தது. இன்னொரு குழு இடையில் விளக்குகளைச் சரிபார்த்துவிட்டுக் கடைசியில்தான் அடுப்புக்கு வந்தது. பிறகு, கடைசியாக அடுப்பைச் சரிபார்த்தது நினைவிருக்கிறதா என்று இரண்டு குழுவையும் கேட்டார்கள். இரண்டு குழுவும் சொன்ன பதில்கள் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சரியாக இருந்தன. ஆனால் அடுப்பையே திரும்பத் திரும்பப் பார்த்த குழுவுக்குத் தன் நினைவின்மேல் நம்பிக்கை குறைந்திருந்தது. மனதில் இருந்த காட்சியும் மங்கியிருந்தது. ஒரே செயலைப் பத்துமுறை செய்தால் பத்தும் ஒன்றோடொன்று கலந்துவிடும். சரிபார்ப்பது சந்தேகத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக, 'எனக்கு உறுதியாகத் தெரியும்' என்ற உணர்வைத் தேய்த்துவிட்டது.

அடுப்புக்கு மனசு கிடையாது. எதிரில் மனிதர் இருந்தால் என்ன ஆகும்? அதற்கு 1958இல் லாயிட் ஸ்ட்ரிக்லண்ட் வெளியிட்ட ஒரு பழைய சோதனை இருக்கிறது. இந்த விஷயத்தில் அதைவிடக் கூர்மையான ஒன்றை நான் படித்ததில்லை. ஒருவரை மேற்பார்வையாளராக உட்காரவைத்து, அவருக்குக் கீழே இரண்டு வேலையாட்கள் என்று சொல்கிறார்கள். சூழ்நிலை எப்படி அமைக்கப்படுகிறது என்றால், ஒரு வேலையாளை அவர் அடிக்கடி கண்காணிக்க வேண்டிவரும், மற்றவரை எப்போதாவதுதான். இரண்டு பேரும் செய்து முடித்த வேலை ஒரே அளவு. பிறகு மேற்பார்வையாளருக்குச் சுதந்திரம் தருகிறார்கள்: இனி யாரை வேண்டுமானாலும் கண்காணிக்கலாம். அவர் யாரைத் தேர்ந்தெடுத்தார்? ஏற்கெனவே அதிகம் கண்காணித்தவரைத்தான். நம்பகமானவர் யார் என்று கேட்டால், கண்காணிக்காமல் விட்டவரைக் காட்டினார்.

காரணம் எளிது. குறைவாகப் பார்க்கப்பட்டவர் வேலையை முடித்திருந்தால், அது அவருடைய குணம். அதிகம் பார்க்கப்பட்டவர் முடித்திருந்தால், 'நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதனால் செய்தார்.' நல்ல நடத்தை, அப்படி நடந்துகொண்டவர் கணக்கில் வரவாகாமல், பார்த்தவர் கணக்கில் வரவாகிவிடுகிறது.

இந்தக் கணக்குப் புத்தகத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் கணவர் வேறு கடையில் போய் வாட்ஸ்அப்பை இணைத்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் படிக்கிறார். மாமியார் சுகர் ரிப்போர்ட், ஸ்கூல் குரூப், மீன்காரம்மா வைத்த ஸ்டேட்டஸ், இவ்வளவுதான். அவருக்கு மனைவிமேல் நம்பிக்கை வருமா? 'இணைத்திருப்பதைக் கண்டுபிடித்திருப்பாளோ? இன்ஸ்டாவில் பேசுகிறாளோ? இன்னொரு சிம் இருக்கிறதோ?' அவர் கண்காணித்த ஆறு மாதத்தில் மனைவி தன் நேர்மையைக் காட்டுவதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. நம்பிக்கை வளர்வதற்கு, ஏமாற்ற வாய்ப்பிருந்தும் ஏமாற்றாத நேரங்கள் வேண்டும். ஜப்பானியச் சமூக உளவியலாளர் தொஷியோ யமகிஷி இதற்கு இரண்டு சொற்களைப் பிரித்துவைத்தார்: 'அன்ஷின்', 'ஷின்ராய்'. தப்பு செய்ய வழியே இல்லை என்பதால் வரும் நிம்மதி முதலாவது; வழி இருந்தும் செய்யமாட்டார் என்ற நம்பிக்கை இரண்டாவது. நம் அபார்ட்மெண்ட் வாசலில் வேலைக்கு வரும் அக்காவின் வருகையைப் பதிவுசெய்யும் ஆப் தருவது முதல் வகை. கல்யாணத்தில் நாம் எதிர்பார்ப்பது இரண்டாம் வகை என்று நினைக்கிறேன்.

இனி, கண்காணித்தால் கையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் அரைகுறைத் தகவல். ராத்திரி ஒரு மணிக்கு 'ஆன்லைன்' என்று காட்டுகிறது. அதன் பொருள் என்ன? போன் திரையில் வாட்ஸ்அப் திறந்திருக்கிறது, இணையத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். யாரோடோ பேசுகிறார் என்று அதற்குப் பொருளில்லை. ஓ.எம்.ஆரில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் இத்தனை பேர் குடியிருக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு மணி என்பது சாயங்காலம்.

ஒரு கணக்குப் போடலாம். எண்கள் நானாக வைத்துக்கொள்பவை, முறையைப் பாருங்கள். நூறு வீடுகளில் ஐந்தில் உண்மையிலேயே வேறு உறவு இருக்கிறது என்று வைப்போம். அந்த ஐந்து பேரில் நான்கு பேர் நள்ளிரவில் ஆன்லைனில் இருக்கிறார்கள். மீதி 95 பேரில் மூன்றில் ஒருவர், அதாவது ஏறக்குறைய 32 பேர், தூக்கம் வராமலோ ரீல்ஸ் பார்த்துக்கொண்டோ அதே நேரத்தில் ஆன்லைனில் இருக்கிறார்கள். ஆக நள்ளிரவில் ஆன்லைனில் இருப்பவர்கள் 36 பேர். அதில் தப்பு செய்பவர் 4 பேர். ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஒன்றும் அறியாதவர்கள். 'ஐந்தில் நான்கு கள்ளர்கள் ராத்திரி விழித்திருக்கிறார்கள்' என்பதை நம் மூளை 'ராத்திரி விழித்திருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் கள்ளர்கள்' என்று திருப்பிப் படித்துவிடுகிறது. இந்தத் திருப்பத்தைச் சரிசெய்யும் கணித வழி, தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் இறந்த பிறகு 1763இல் அவர் பெயரில் வெளியானது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்; அவனுக்கு வேண்டியது பேய்ஸ்.

"மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்பவர்களுக்கும் ஒரு தகவல். மனிதர்கள் பொய்யை எவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சார்லஸ் பாண்ட், பெல்லா டீபாலோ இருவரும் 24,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் கணக்கிட்டார்கள். சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலே 50.

சமூக ஊடகம் இந்த அரைகுறைத் தகவலை முன்பு இல்லாத அளவுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஏமி மியூஸும் கூட்டாளிகளும் 308 மாணவர்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், பேஸ்புக்கில் செலவிடும் நேரம் கூடக்கூடப் பொறாமையும் கூடியிருந்தது. எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களே ஒரு சுழலைத்தான் யூகித்தார்கள்: பின்னணி தெரியாத ஒரு படம் கண்ணில் படுகிறது, பொறாமை வருகிறது, பொறாமை மறுபடியும் பார்க்கச் சொல்கிறது, இன்னொரு படம் கிடைக்கிறது. கணவர் யாருக்கு லைக் போட்டார், யாரைப் புதிதாகப் பின்தொடர்கிறார் என்று வரிசையாகக் காட்டும் ஒரு பக்கம் இன்ஸ்டாகிராமில் இருந்தது. 2019 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். எத்தனை வீட்டில் அன்றைக்குப் பால் பொங்கியதோ!

இந்தச் சுழல் ஏன் விடாது? ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் இருவரும் 1957இல் புறாக்களை வைத்து எழுதிய புத்தகத்தில் பதில் இருக்கிறது. கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்துவந்த புறா, தானியம் நின்றதும் சீக்கிரம் கொத்துவதை நிறுத்திவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் கிடைத்துவந்த புறா கொத்திக்கொண்டே இருக்கும். கணவர் போனில் நூறு முறைக்கு ஒருமுறை ஏதோ ஒரு பெண் அனுப்பிய சிரிப்பு எமோஜி கிடைக்கிறது. அது போதும்.

இதையெல்லாம் சொன்னால் நம்மூரில் வரும் பதில் ஒன்றுதான்: "மடியில் கனமில்லேன்னா வழியில் பயம் எதுக்கு? போனைக் காட்டவேண்டியதுதானே?"

பழமொழி சரிதான். ஆனால் அதில் வழியில் நிற்பவன் யார்? வழிப்பறிக்காரன். அந்த இடத்தில் கணவரையோ மனைவியையோ நிறுத்திவைத்துவிட்டுத்தான் நாம் இந்தப் பழமொழியைச் சொல்கிறோம். அடுத்தது, மடியில் இருக்கும் கனம் எல்லாம் மடிக்குச் சொந்தமானவருடையது இல்லை. எனக்கு என் மனைவியின் போன் பின் தெரியும், அவளுக்கு என்னுடையது தெரியும். கேஸ் புக் பண்ண, ஓ.டி.பி. பார்க்க எடுப்போம். ஒருநாள் பிள்ளையின் ஹோம்வொர்க்கை ஸ்கூல் குரூப்பில் தேடிக்கொண்டிருந்தபோது, திரையின் மேலே ஒரு செய்தியின் முதல் வரி வந்து போனது. அவளுடைய தோழி அனுப்பியது. தன் வீட்டில் முந்தின இரவு நடந்ததைப் பற்றியது. ஒரே ஒரு வரி. இன்றுவரை பாலவாக்கம் பீச்சில் அந்தத் தோழியின் கணவர் எதிரில் வந்து, "என்ன சார், வாக்கிங்கா?" என்று கேட்டால் எனக்கு முகம் கொடுத்துப் பேச வரவில்லை. அந்த ரகசியம் என் மனைவியுடையதுகூட அல்ல. தோழி நம்பிச் சொன்னது அவளிடம், என்னிடம் இல்லை. சான்ட்ரா பெட்ரோனியோ என்ற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆய்வாளர் இதைக் கூட்டுச் சொத்து போலப் பார்க்கிறார். ரகசியம் ஒன்றைக் கேட்டவர் அதற்குப் பங்குதாரர் ஆகிறார். அதை மூன்றாமவருக்குத் திறந்துவிடும் உரிமை அவருக்குத் தனியாகக் கிடையாது. பின் நம்பர் தெரிந்திருப்பதும் படிப்பதற்கு அனுமதி இருப்பதும் வேறு வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? ஆச்சரியம் என்னவென்றால், அந்தரங்க உரிமைக்கும் நம் ஈ.சி.ஆர். வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பாலவாக்கத்திலிருந்து வடக்கே கொட்டிவாக்கம் தாண்டினால் திருவான்மியூர். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் ஊர். தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்தபோது அவன் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை வெளியிட 'நக்கீரன்' பத்திரிகை ஆசிரியர் கோபால் முயன்றார், அதிகாரிகள் தடுத்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்று பத்திரிகை பக்கம் நின்றது. அதோடு, தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று சொல்லி, குடும்பத்தையும் திருமணத்தையும் அந்த வளையத்துக்குள் வைத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தபோது அந்த 1994 தீர்ப்பும் பேசப்பட்டது.

ஆனால் திருமணத்துக்கு உள்ளே? அரசாங்கத்திடமிருந்து கதவைச் சாத்தலாம், கட்டிலின் மறுபக்கத்திலிருந்து? பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கு ஒன்றில், மனைவியின் அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்த கணவர் அதை ஆதாரமாகத் தாக்கல் செய்தார். மனைவி எதிர்த்தார், கீழ் நீதிமன்றம் கேட்கவில்லை. 2024 அக்டோபர் இறுதியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த ஆதாரத்தைத் தள்ளினார். கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்கம் உண்டு, ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதைச் சட்டம் ஊக்குவிக்க முடியாது என்பது அவருடைய கருத்து.

கதை அங்கே முடியவில்லை. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு, பஞ்சாபில் தொடங்கிய இன்னொரு வழக்கில் எதிர்த்திசையில் போனது. மனைவிக்குத் தெரியாமல் பதிவுசெய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. இப்படி அனுமதித்தால் வீடுகளில் வேவு பெருகும் என்ற வாதத்துக்கு நீதிபதிகள் சொன்ன பதில், ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டால் அந்த உறவு ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்பது. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். ஸ்ட்ரிக்லண்டின் மேற்பார்வையாளர் வேலையாள்மேல் எந்தச் சந்தேகமும் இல்லாமல்தான் தொடங்கினார். வேவு பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. நோயின் அறிகுறி என்று நீதிமன்றம் சொல்வதை, நோயைக் கொடுக்கும் கிருமி என்றும் சோதனை சொல்கிறது.

நீதிமன்றம் ஓர் ஆதாரத்தை வாங்கிக்கொள்வதால் அதை எடுத்த விதம் குற்றமில்லை என்று ஆகிவிடாது. அனுமதியின்றி இன்னொருவர் கருவிக்குள் நேர்மையற்ற நோக்கத்துடன் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளில் மூன்று ஆண்டுவரை சிறை தரக்கூடிய குற்றம். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் பின்தொடர்தல் குற்றத்துக்குள் வருகிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மட்டும் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. சொந்த, குடும்பத் தேவைக்காக ஒருவர் தரவைக் கையாண்டால் அது பொருந்தாது.

இதுவரை பேசியது எட்டிப் பார்ப்பவர்களைப் பற்றி. அதைவிட மோசமான ஒன்று, போனுக்குள் ஒளிந்திருந்து திரை, இடம், மைக் எல்லாவற்றையும் அனுப்பும் வேவு ஆப்கள். குழந்தைகளைப் பாதுகாக்க என்று விற்கிறார்கள், துணைவர்மேல் பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட 'ஸ்பைஃபோன்' நிறுவனத்தை 2021இல் அமெரிக்க வணிக ஆணையம் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே விலக்கியது. காரணங்களில் ஒன்று, திருடிய தகவலைக்கூட அது ஒழுங்காகப் பூட்டிவைக்கவில்லை. மனைவியைக் கண்காணிக்கப் பணம் கட்டியவர், மனைவியின் படங்களை முன்பின் தெரியாதவர்களுக்குத் திறந்துவைத்தார். அதிகாரமும் அடியும் இருக்கும் வீடுகளில் இந்த ஆப் ஒரு விலங்கு. அங்கே பேச்சு நம்பிக்கையைப் பற்றியதே இல்லை, உயிரைப் பற்றியது.

இந்தக் கட்டுரையை மூடிவைத்ததும் ஒரு நிமிடம் செலவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஐபோன் என்றால் செட்டிங்ஸில் போய், 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கருவி ஏதாவது இருந்தால் அதைத் தொட்டு 'லாக் அவுட்' செய்யலாம். ஆனால் வீட்டில் அடி விழும் பயம் இருந்தால் உடனே வெளியேற்றாதீர்கள். துண்டிக்கப்பட்டது அந்தப் பக்கம் தெரிந்துவிடும். முதலில், அவர் கை படாத வேறொரு போனிலிருந்து 181க்கு அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.